கோட்டைக்குப் போக வேண்டியவன் அளுத்கமவில் இறங்கினேன்

வெள்ளவத்தைக் கணக்காளன்
செவ்வாய், இரவு 10.12

எனக்கு 47 வயது. கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 21 வருடமாக வேலை. இதை வீட்டிலும் சொல்லவில்லை, கந்தோரிலும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளவத்தை நிலையத்தில் வழக்கமான இடத்தில் நின்றேன். கோட்டை ரயில் பிந்தி வந்தது, வாசலெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு. அதே நேரம் எதிர் மேடையில் அளுத்கம ரயில் வந்து நின்றது. யன்னலோர இருக்கைகள் எல்லாம் காலி. நான் எதுவும் யோசிக்கவில்லை. எதிர்ப்பக்கம் போய் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் டை, கையில் சோற்றுப் பார்சல், பையில் முந்தின மாத வவுச்சர்கள்.

தெகிவளை, கல்கிசை, இரத்மலானை என்று ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கித் திரும்புவோம் என்று எழுந்து நின்றேன். ஒவ்வொரு முறையும் ரயில் வெளிக்கிட்டுவிட்டது. பாணந்துறை தாண்டியதும் எழும்புவதை விட்டுவிட்டேன். வயிற்றுக் குழப்பம், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இன்று வரமாட்டேன் என்று கந்தோருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ரயில் களுகங்கைப் பாலத்தில் ஏறி, களுத்துறையின் வெள்ளைத் தாதுகோபம் கண்ணில் பட்ட அந்த நிமிடம் என் உதவியாளர் அழைத்தார். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று எந்த ஃபைலில் இருக்கிறது என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க, பெட்டிக்குள் ஒருவர் கூடையோடு "வடே வடே இஸ்ஸோ வடே" என்று வந்தார். "சேர், ஆஸ்பத்திரிக்குள்ளேயும் வடை விக்கிறாங்களா?" என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே கேட்டது. கன்டீன் பக்கம் நிற்கிறேன் என்றேன்.

அளுத்கம நிலையத்து வாங்கில் காலை பத்தே முக்காலுக்குச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாதி முட்டை. வாழையிலைச் சூடு இன்னும் போகவில்லை. பதினெட்டு வருடமாக இதே சோற்றை மத்தியானம் ஒரு மணிக்கு ஆறிப்போனபின் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். அன்றுதான் என் மனைவி பருப்புக்குச் செத்தல் மிளகாயோடு உள்ளியும் தாளித்துப் போடுகிறாள் என்பது நாக்குக்குத் தெரிந்தது. பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்த செவ்வாய், அதாவது இன்று, களுத்துறை தெற்கில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். என் சீசன் டிக்கெட் வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில்தான் செல்லும். தண்டம் கட்டினேன். ரசீது தந்தார். 21 வருடப் பழக்கம், எந்த ரசீதையும் நான் எறிந்ததில்லை. வீட்டுச் செலவு ஃபைலில் திகதிப்படி குத்திவைத்துவிட்டேன். மாதக் கடைசியில் மனைவியும் நானும் இருந்து அந்த ஃபைலைப் பார்ப்பது வழக்கம். எடுக்கவும் மனம் வரவில்லை, விட்டுவைக்கவும் பயமாக இருக்கிறது.

நான் ஏன் போகிறேன் என்று எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் மிருதங்கம் படித்தேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது அதைத் தூக்கிவர முடியவில்லை. 17 வயது. அதன்பின் படிப்பு, கொழும்பு, வேலை, கலியாணம், இரண்டு பிள்ளைகள். இந்த ரயிலில் தண்டவாள இணைப்புகள் தட்டும் சத்தத்துக்கு என் விரல் தானாகத் தொடையில் தட்டத் தொடங்கியது. அதைக் கேட்கத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன் என்று நினைக்கிறேன்.

வேலையை விடலாம் என்று நினைக்கிறேன். இராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்து மேசை லாச்சியில் இருக்கிறது. விட்டவர்கள், விட நினைத்தவர்கள் சொல்லுங்கள்.

கொழும்பு13
செவ்வாய், இரவு 10.50

அண்ணை, ரயிலைப் பிறகு பேசுவோம். அந்தக் கடிதம் லாச்சியிலேயே இருக்கட்டும். நான் சம்பளப் பிரிவில் வேலை செய்தவன். மற்றவர்களின் கணக்கெல்லாம் பார்க்கிற நீங்கள் உங்கள் கணக்கைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அது எங்கள் எல்லாருக்கும் உள்ளதுதான்.

சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12. 21 வருடத்தில் நல்ல தொகை சேர்ந்திருக்கும். ஆனால் ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். இன்று வேலையை விட்டாலும் உங்கள் காசு இன்னும் எட்டு வருடம் வட்டியோடு அங்கேயே கிடக்கும். நிரந்தரமாக வெளிநாடு போவது, வேலை செய்ய முடியாத நோய், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்கு மாறுவது போன்ற சில காரணங்களுக்குத்தான் முன்கூட்டித் தருவார்கள். வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 சதவீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. நிறுவனம் 3 சதவீதம் கட்டுகிற நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் அது சின்னத் தொகை.

பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். உங்கள் சம்பளம் 180,000 என்று வைப்போம். அரைவாசி 90,000. அதை 21ஆல் பெருக்கினால் 1,890,000 ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கும். வெள்ளவத்தையில் வாடகை, மின்சாரம், பிள்ளைகளின் டியூஷன் எல்லாவற்றையும் போட்டு எத்தனை மாதத்தில் கரையும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். நான் என் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு வருடம் கூட வரவில்லை.

இன்னொன்று. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயது இப்போது 60. உங்களுக்கு இன்னும் 13 வருடம் பாதுகாப்பாக இருக்கிறது.

வெள்ளவத்தைக் கணக்காளன்
செவ்வாய், இரவு 11.05

தம்பி, கணக்குக்கு நன்றி. எல்லாம் சரி. ஆனால் அந்த 13ஐ வாசித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

மொறட்டுவைக்காரன்
புதன், காலை 6.30

என் தம்பி ஒன்றரை வருடமாக வேலை தேடுகிறான். ஒவ்வொரு நேர்முகத்துக்கும் அதே சேட்டைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு போகிறான். மாதம் முடிய நிச்சயமாகச் சம்பளம் வருகிற ஒருவர் யன்னலோர இருக்கைக்காக அதை விடுவது எனக்கு விளங்கவில்லை. கோபத்தில் எழுதவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

டிக்கோயா மகள்
புதன், காலை 9.15

அண்ணா, எனக்கு 43 வயசு. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு இடத்தில் மட்டும் மனசு நின்றுவிட்டது. விடிய எழும்பி அந்தப் பார்சலைக் கட்டியவர் அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டார்?

எங்களுக்கும் இந்த வயது வருகிறது. ஒரே நேர அட்டவணைக்குள் இருபது வருடம் இருந்த அலுப்பு எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் நான் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் ஹட்டன் ரயிலில் ஏறினால் மத்தியானத்துக்குள் மாமி, நாத்தனார், பிள்ளையின் வகுப்பு டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் தேடத் தொடங்கிவிடுவார்கள். பின்னேரம் பொலிஸில் முறைப்பாடு போயிருக்கும். ஆண்கள் ஒரு நாள் காணாமல் போக முடிவது யாரோ வீட்டில் இருக்கிறார் என்பதால்தான். நீங்கள் போனது பிழை என்று சொல்லவில்லை அண்ணா. சொல்லாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். லயத்தில் வளர்ந்த எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. மலைப்பாதையில் யாருக்குச் சைக்கிள்? போன வருடம் ஆசை பிடித்துவிட்டது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு மரைன் டிரைவில் வாகனம் இருக்காது. என் 14 வயது மகள் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். "அம்மா, கீழே பார்க்காதே, முன்னால பார்!" என்று அவள் கத்துவதைக் கேட்டு நடைப்பயிற்சிக்கு வரும் ஐயாமார் ஒதுங்கி நிற்பார்கள். மூன்றாவது ஞாயிறு ஒரு இளநீர் வண்டியில் போய் மோதினேன். இளநீர்க்காரர் என்னைத் திட்டவில்லை. உருண்ட காய்களை மகளோடு சேர்ந்து பொறுக்கிவிட்டு, ஒன்றை வெட்டிக் கையில் தந்து, "பிரேக் பிடிக்கப் படிச்சிட்டு பெடல் படிங்க மிஸ்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்த ஒழுங்கில் படித்தபிறகுதான் எனக்கு வந்தது. இப்போது வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டி வரை போய் வருவேன்.

முதலில் அண்ணியிடம் சொல்லுங்கள். அந்த ரசீதை அவர் தானாகக் கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள்.

தெமட்டகொடை நானா
புதன், பகல் 1.40

நான் விட்டவன். அதனால் எழுதுகிறேன். 50 வயதில் ஒரு வங்கியில் காசாளர் வேலையை விட்டுவிட்டு சூன் பாண் ஓட்டோ எடுத்தேன். கொழும்பில் எல்லாருக்கும் தெரியும், விடியவும் பின்னேரமும் பீத்தோவனின் அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும் பாண் வண்டி. சின்ன வயதில் இருந்து எனக்கு பேக்கரி வாசம் என்றால் உயிர். காசை எண்ணி எண்ணிக் கை முழுக்க நோட்டு நாற்றம். பாண் நாற்றத்துக்கு மாற வேண்டும் என்று நினைத்தேன், மாறினேன்.

முதல் வாரமே ஒரு வேலை நடந்தது. மெட்டுப் பெட்டியின் சுவிட்ச் இறுகிவிட்டது. நிற்பாட்ட முடியவில்லை. அந்த ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டிய செத்த வீடு. திரும்பவும் இடமில்லை. முழுச் சத்தத்தில் பாட்டோடு செத்த வீட்டு வாசலில் போய் நின்றேன். இறங்கி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். கை நடுங்கியது. வீட்டுக்காரர் ஒருவர் நேரே என்னிடம் வந்தார். அடிதான் விழப் போகிறது என்று நினைத்தேன். "ஐயா, விடிய இருந்து வந்த சனத்துக்குக் கொடுக்க ஒண்டுமில்ல, எல்லாத்தையும் இறக்குங்க" என்றார். கிம்புலா பணிஸ், மாலுபாண், றோஸ் பாண் எல்லாம் அங்கேயே முடிந்தது. காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை, அவர் விடவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டு வாசலில் மெட்டை நிற்பாட்டிவிட்டுத்தான் போவேன்.

இனி மற்றப் பக்கம். விடிய மூன்றரைக்கு எழும்ப வேண்டும். விற்காத பாண் என் கணக்கு. மழை என்றால் வியாபாரம் பாதி. 2022இல் பெற்றோல் இல்லை. பிறகு கியூஆர் எரிபொருள் பங்கீடு வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். அதை வைத்து என் ஒழுங்கைகளில் பாதிக்குக்கூட ஓட முடியாது. இரண்டு மாதம் சைக்கிளில் பெட்டி கட்டி மிதித்தேன், மெட்டுக்குப் பதிலாக மணி. அந்த நேரம் வங்கியில் இருந்த என் கூட்டாளிகளுக்கு மாதம் முடியச் சம்பளம் வந்தது.

எனக்கு இது சரிவந்ததற்குக் காரணம் மூன்று: வீட்டுக்கடன் முடிந்திருந்தது, இரண்டு மகள்மாரும் கலியாணம் கட்டியிருந்தார்கள், என் வீட்டுக்காரி முதல் நாளே "போங்க, நான் இருக்கன்" என்றா. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன். தம்பி, உங்களிடம் இதில் எத்தனை இருக்கிறது?

தெகிவளைத் தம்பி
புதன், மாலை 7.20

எனக்கு 26 வயது. என் அப்பா 49 வயதில் வேலையை விட்டார். பிள்ளையின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்பாவுக்கு மீன் என்றால் பைத்தியம். 2019இல் ஒரு காப்புறுதி நிறுவன வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பின்பக்கத்து அனெக்ஸில் 42 கண்ணாடித் தொட்டி வைத்து வளர்ப்பு மீன் பெருக்கத் தொடங்கினார். கப்பி, ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ். ஏற்றுமதிக்காரர் ஒருவருக்குக் கொடுப்பதாக ஒழுங்கு. அம்மாவின் இரண்டு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. முதல் வருடம் கொஞ்சம் வந்தது. பிறகு கொரோனாவில் விமானங்கள் நின்றதும் அதுவும் நின்றது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. காற்றுப் பம்பு நின்றால் நெருக்கமாக இருக்கும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அப்பா ஒரு ஜக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றினார். அப்படி ஊற்றினால் தண்ணீரில் காற்றுக் கலக்கும். 42 தொட்டிக்கும் ஒரு ஆள் காணாது. அப்பா, அம்மா, நான், தங்கச்சி, ஊரில் இருந்து வந்திருந்த அப்பம்மா ஐந்து பேரும் ஆளுக்கொரு ஜக்கோடு டோர்ச் வெளிச்சத்தில் இரவு முழுக்க வரிசையில் ஊற்றினோம். அப்பம்மா ஒவ்வொரு தொட்டிக்கும் தேவாரம் சொன்னா. தங்கச்சிக்கு அடுத்த நாள் தவணைப் பரீட்சை, அவள் ஒரு கையில் ஜக், மறு கையில் விஞ்ஞானப் புத்தகம். விடிய மூன்று மணிக்கு எல்லாருக்கும் சிரிப்பு வந்து நிற்கவே இல்லை. அந்த இரவில் நாங்கள் காப்பாற்றிய மீன்களில் பாதி அடுத்த வாரம் செத்துப்போயின.

அந்த வருடமே தொட்டிகளை விற்றார். இப்போது ஒரு களஞ்சியசாலையில் பழைய சம்பளத்தை விடக் குறைவாக வேலை செய்கிறார். காப்பு இன்னும் திரும்பி வரவில்லை. அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் கலியாண வீடுகளுக்குப் போகும்போது நீளக்கை சட்டை போடுகிறா. நான் அப்பாவை இன்றுவரை குறை சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நீளக்கையை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

மருதானைப் பழைய புத்தகம்
வியாழன், இரவு 9.00

இங்கே எல்லாரும் எழுதுவதை "நடுவயது நெருக்கடி" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு பிறந்த வருடம் இருக்கிறது. 1965இல் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஒரு கட்டுரையில் எழுதினார். முப்பதுகளின் நடுவில் கலைஞர்களுக்கு ஏற்படும் தடுமாற்றத்தைப் பார்த்து, "இனி இருப்பது எவ்வளவு" என்று மனிதன் முதன்முதல் எண்ணத் தொடங்கும் கட்டம் அது என்றார். தம்பி கொழும்பு13 போட்ட 13ஐப் பார்த்து வியர்த்ததாகக் கணக்காளன் எழுதியது அதுவேதான். 2008இல் பிளாஞ்ச்ஃப்ளவர், ஆஸ்வால்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாடுகளின் தரவுகளைப் பார்த்து, மனிதரின் மனநிறைவு நாற்பதுகளில் அடித்தட்டுக்கு இறங்கிப் பிறகு மெல்ல ஏறுகிறது என்றார்கள். எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்த இழையில் வந்த வயதுகளைப் பாருங்கள், 43, 47, 49, 50.

கந்தோரை விட்டு ஓடியவர்கள் என்றால் எல்லாரும் ஓவியர் கோகானைச் சொல்வார்கள். அந்தக் கதையை ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி கேட்ட கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பாரிஸில் பங்குத் தரகர் வேலையில் இருந்தார். 1882இல் பங்குச்சந்தை சரிந்ததோடு அந்த வாழ்க்கை முடிந்தது. பிறகு டென்மார்க் போய்த் தார்ப்பாய் விற்றுப் பார்த்தார், ஓடவில்லை. ஐந்து பிள்ளைகளையும் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றியவர் மனைவி மெட். 1891இல் கோகான் தாஹிட்டிக்குக் கப்பலேறினார். படங்கள் அற்புதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குக் காசு கட்டியவர் யார் என்று கேட்காமல் அவரை முன்னுதாரணமாக வைக்க என்னால் முடியாது.

எனக்குப் பிடித்தவர் நம்மூரில் வேலை செய்தவர், லெனாட் வூல்ஃப். 1904 டிசம்பரில் இலங்கை சிவில் சேவைக்காகக் கொழும்பில் வந்து இறங்கினார். கூடவே வால்டேரின் நூல்கள் 90 தொகுதி, சார்ள்ஸ் என்று ஒரு நாய். யாழ்ப்பாணக் கச்சேரியிலும் கண்டியிலும் ஃபைல் பார்த்தார், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். அவருக்கு வேலை வெறுத்துப் போனபோது உடனே கடிதம் எழுதவில்லை. 1911இல் ஒரு வருட லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அங்கே இருந்து பார்த்தார், எழுதிப் பார்த்தார், தனக்கு என்ன வேண்டும் என்று தெளிந்தார். 1912இல்தான் இராஜினாமா.

யோகர் சுவாமிகளும் துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர்தான். அது வேறு பாதை, குடும்பஸ்தர்கள் நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்காளன் தம்பி, கடை, கந்தோர் ஊழியர் சட்டத்தில் உங்களுக்கு வருடம் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் இருக்கிறது. நீங்கள் எத்தனை எடுத்தீர்கள்? வூல்ஃபுக்குக் கிடைத்த ஒரு வருடம் நமக்குக் கிடைக்காது. ஆனால் வயிற்றுக் குழப்பம் என்று பொய் சொல்லி எடுத்த மூன்று நாளையும் உண்மை சொல்லியே எடுத்திருக்கலாம்.

வெள்ளவத்தைக் கணக்காளன்
ஞாயிறு, இரவு 8.25

ஒவ்வொருவரும் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நானாவின் மூன்றில் என்னிடம் ஒன்றுகூட இல்லை. தம்பியின் பதிவை வாசித்துவிட்டு எழும்பிப் போய்ப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகள் படுத்தபின் அந்த ரசீதைக் கழற்றிக்கொண்டு போய் மனைவியின் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. ரசீதின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப மூண்டு செவ்வாயும் நான் கட்டித் தந்த சோத்தை எங்கை வைச்சுச் சாப்பிட்டனீங்கள்?" வாங்கில் என்றேன். கை கழுவத் தண்ணி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். பருப்பில் உள்ளி இருந்தது தெரிந்தது என்று சொன்னதும் அழுதுவிட்டாள். கலியாணம் கட்டி 18 வருடமாக உள்ளி போடுகிறாளாம்.

டிக்கோயாத் தங்கச்சி கேட்டதையும் கேட்டேன். மத்தியானத்தில் அவள் சாப்பிடுவது முந்தின இரவுப் பாணாம், பெரும்பாலும் நின்றுகொண்டு. இது எனக்குத் தெரியாது.

வருகிற போயா தினத்தில் நாங்கள் இரண்டு பேரும் அளுத்கம போகிறோம். அவள் சமைக்க மாட்டாள், பார்சல் வாங்கிக்கொண்டு போகிறோம். கடிதத்தை லாச்சியில் இருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அது இருக்கிறது. ஆனால் பம்பலப்பிட்டியில் ஒரு உறவினர் வீட்டில், மகன் கனடா போனபின் சும்மா கிடந்த மிருதங்கத்தை இன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிக்கோயா மகள்
ஞாயிறு, இரவு 8.40

அண்ணா, யன்னலோரத்தை அண்ணிக்குக் கொடுங்கள்.

வெள்ளவத்தைக் கணக்காளன்
எட்டு மாதம் கழித்து, சனி, இரவு 9.30

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னியுங்கள். சில பேர் தனிமடலில் கேட்டபடியால் எழுதுகிறேன்.

வேலையில்தான் இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஐந்து மணிக்கே கந்தோரை விட்டு வெளிக்கிட்டுவிடுகிறேன், மேலாளரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் மாடி வீட்டு அறையில் வகுப்பு. என்னோடு படிப்பவர்கள் ஆறு பேர். ஏழு வயது ஒருவர், எட்டு வயது நால்வர், ஒன்பது வயது ஒருவர். ஆசிரியர் என்னை விடப் பதினைந்து வயது இளையவர். நான் அவரைச் சேர் என்கிறேன், அவர் என்னை அண்ணை என்கிறார், பிள்ளைகள் அங்கிள் என்கிறார்கள். முதல் நாள் கந்தோர் கால்சட்டையோடு சம்மணம் கொட்டி, வலது காலைக் கொஞ்சம் நீட்டி, மிருதங்கத்தைப் பாதத்தில் ஏற்ற முயன்றபோது தையல் விட்டுவிட்டது. "அண்ணை, அடுத்த முறை சாரம் கொண்டுவாங்கோ" என்றார் சேர். அன்றிலிருந்து வவுச்சர் பையில் ஒரு சாரம் இருக்கிறது.

தா, தி, தொம், நம். நான்கு சொல்தான். ஒரு மாதம் முழுக்க இதுதான். பழையது கையில் இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை. 21 வருடம் தட்டச்சு செய்த விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் அசையும், வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) சேர்ந்து விழ மறுத்தது. பக்கத்தில் இருக்கும் எட்டு வயதுக்காரர்தான் பிடித்தார்: "அங்கிள், உங்களுக்கு இடது கை முந்துது." பார்த்தால் உண்மை. அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார், நான் வலது கையால் மட்டும் ஆதி தாளம் எட்டு அட்சரமும் வாசித்தேன். அன்றுதான் முதல்முறை சரியாக வந்தது.

போன மாதம் வட இலங்கை சங்கீத சபையின் தரம் ஒன்றுப் பரீட்சை. வெளியில் பெற்றோர் வரிசை, உள்ளே பிள்ளைகள் வரிசை. நான் பிள்ளைகள் வரிசையில் நின்றேன். என் முறை வந்து உள்ளே போனதும் பரீட்சகர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பிள்ளை எங்கை?" என்று கேட்டார். நான்தான் ஐயா என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் விண்ணப்பத்தில் பிறந்த திகதியை வாசித்தார். "இருங்கோ" என்றார். கேள்விகளை எல்லாருக்கும் கேட்டது போலவே கேட்டார், ஒன்றும் குறைக்கவில்லை. அதற்கு நான் அவருக்கு நன்றியாக இருக்கிறேன். என் மனைவி வெளியில் பெற்றோர் வரிசையில், தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள்.

இந்தக் கிழமை பெறுபேறு வந்தது. சித்தி. எட்டு வயதுக்காரருக்குத் திறமைச் சித்தி.

மேசை விளிம்பில் விரல் தட்டுவதைப் பார்த்து என் உதவியாளர் இன்னும் டென்ஷனா சேர் என்று கேட்கிறது. போயாவுக்குப் போயா ரயிலில் போகிறோம், இரண்டு முறை பிள்ளைகளும் வந்தார்கள். கடிதம் எங்கே என்று நானா தனிமடலில் கேட்டிருந்தார். அதன் பின்பக்கத்தில்தான் முதல் மாதப் பாடத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

தெமட்டகொடை நானா
சனி, இரவு 9.55

மாஷா அல்லாஹ். உங்கள் ஒழுங்கைப் பக்கம் ஒரு பின்னேரம் வருகிறேன் தம்பி. நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால் மெட்டை நிற்பாட்டிவிட்டு வருவேன். பிள்ளைகளுக்குக் கிம்புலா பணிஸ் என் கணக்கில்.

கொழும்பு13
சனி, இரவு 10.10

அண்ணை, என் மகளும் கேட்கிறாள், உறவினர் ஒருவரின் மிருதங்கம் வீட்டில் இருக்கிறது. இடந்தலையில் (இடப்பக்கத் தோலில்) சத்தம் இறங்க அப்புகிற ரவை ஒட்டவே மாட்டேன் என்கிறது, உதிர்ந்து உதிர்ந்து விழுகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வெள்ளவத்தைக் கணக்காளன்
சனி, இரவு 10.14

தம்பி, வீட்டில் உப்புமாவுக்கு வறுத்து வைத்திருக்கும் போத்தலில் இருந்து எடுத்திருப்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் எடுத்தேன், ஒட்டாது. வறுக்காத நைஸ் ரவை வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, ரொட்டி மாவை விட இளக்கமாக வரும் வரை உள்ளங்கையில் பிசையுங்கள். தோலின் நடுவை முதலில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு வட்டமாக அப்பிவிட்டு, தொம் என்று ஒரு அடி அடித்துப் பாருங்கள். சத்தம் கீழே இறங்கி அடிவயிற்றில் கேட்கும். கேட்கும் வரை கூட்டுங்கள். வாசித்து முடிந்ததும் காய விடாமல் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், தோல் பழுதாகாது. மகளை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் வாசிக்க விடுங்கள், கீழ் வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.